சாப்பாட்டு மேசையில் ஒரு கசற்

ஏவன்டேல்,
17 மார்ச் 1996

என்ர குஞ்சு,

இந்தமுறை உன்னை இப்படிக் கூப்பிடக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன். றோஷினி என்று எழுதிப் பார்த்தேன். அது யாரோ வேறு வீட்டுப் பிள்ளைக்கு எழுதுவது மாதிரி இருந்தது. அதனால் கூப்பிட்டுவிட்டேன். கோபம் போய்விட்டது என்று நினைக்காதே.

நீ வெலிங்டனில் இருந்து போன் அடிப்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றுதான் எடுக்கவில்லை. எடுத்தால் சத்தம் போடுவேன், இல்லாவிட்டால் அழுவேன். நான் ஐந்தாம் வகுப்புக்காரி, மெல்லத்தான் எழுதுவேன். மெல்ல எழுதினால் கொஞ்சம் நியாயமாக வரும்.

போன ஞாயிறு சந்தையில் கல்யாணியைக் கண்டேன். அதுதான், உன்னோடு யுனிவர்சிட்டியில் படிக்கிற அபர்ணாவின் தாய். கொத்தமல்லிக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்கிறா: "அக்கா, உங்க வீட்டுக்காரர் என்னமாப் பேசியிருக்கார்! அபர்ணா போன் பண்ணிச் சொன்னா. உங்க பொண்ணு வகுப்பில டேப் போட்டுக் காட்டினாளாம். தமிழ் தெரியாதவங்களுக்கு இங்கிலீஷ்ல எழுதிக்கூடக் கொடுத்தாளாம். எல்லாரும் சிரிச்சு, அப்புறம் அழுதாங்களாம்."

"என்ன டேப்?" என்றேன்.

"ஆஸ்பத்திரியில எடுத்ததாமே. ஏன்க்கா, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொன்னேன். அவவுக்கு முன்னால் வேறு என்னத்தைச் சொல்வது? கீரை வாங்கத்தான் போனேன், வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா செத்து எட்டு மாதம். அவருடைய முகம் என்னை விட்டுப் போகவில்லை, படம் சுவரில் இருக்கிறது. குரல்தான் போகிறது. பாத்திரம் கழுவும்போது அவர் வாசலில் நின்று என்னைக் கூப்பிடுகிற மாதிரி நினைத்துப் பார்ப்பேன். முதலில் எல்லாம் அப்படியே கேட்டது. இப்போது சொல் வருகிறது, சத்தம் வரவில்லை. நான் இப்படித் தேடிக்கொண்டிருக்க, அந்தச் சத்தம் உன்னுடைய பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. ஊர் பேர் தெரியாத பிள்ளைகள் எல்லாம் கேட்டிருக்கிறார்கள். நான் கேட்கவில்லை.

இதற்கு நீ என்ன சொல்லப் போகிறாய்?

அம்மா


வெலிங்டன்,
26 மார்ச் 1996

அன்புள்ள அம்மா,

நான் செய்தது பிழை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். இனி எழுதுவதை நீங்கள் சாட்டு என்று நினைக்கக்கூடும்.

ஆராய்ச்சி வேலைக்கு எனக்கு ஒரு ரெக்கோடர் தந்திருந்தார்கள். அதைப் பழக வேண்டியிருந்தது. அப்பாதான், "என்னில பழகு பிள்ளை, நான் ஒரு இடமும் ஓடமாட்டன்" என்றார். அப்போது நீங்கள் கீழே போயிருந்தீர்கள். முப்பத்தோராம் நாள் செபம் முடிந்ததும், பதிந்த கசற்றை உங்களிடம் தர நினைத்தேன். அன்று நீங்கள் அப்பாவின் உடுப்புகளைப் பைகளில் கட்டி வைத்துவிட்டு, "அவற்ர ஒண்டையும் இனி எனக்குக் காட்டாதே" என்றீர்கள். நான் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று உங்களுக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொல்லவில்லை. இந்த நாட்டின் ஆதிக்குடிகளான மாவோரி மக்களின் பாட்டுகள், பேச்சுகள், படங்கள் எல்லாம் பெரிய கட்டடங்களுக்குள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் போய்ப் பதிந்துகொண்டு வந்தவரின் பெயர்தான் பெட்டியின் மேல் இருக்கும். பாடினவரின் பிள்ளையே வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுக்க வழி இல்லை. அந்தக் குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர என்ன வழி என்று தேடுவதுதான் எங்கள் ஆராய்ச்சி. வகுப்பில் இதைச் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவருக்கும் விளங்கவில்லை. பெட்டிக்குள் இருப்பது ஒரு ஆள் என்று காட்ட வேண்டியிருந்தது. இன்னொருவரின் தகப்பனை எடுத்துப் போட்டுக் காட்ட எனக்கு உரிமை இல்லை. என் அப்பாவில் எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன்.

கசற்றை அனுப்பட்டுமா?

றோஷினி


ஏவன்டேல்,
14 ஏப்ரல் 1996

என்ர குஞ்சு,

அனுப்பாதே.

உரிமை என்று எழுதியிருக்கிறாய். உனக்கு உரிமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீ பிறக்க முதலே அவர் என்னோடு சண்டை பிடித்தவர். உடுப்பைப் பார்த்துச் சொன்ன சொல்லை நீ குரலுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டது உன்னுடைய கெட்டித்தனம். எல்லோரும் கேட்டு முடித்த பிறகு மிச்சமாக வருவது எனக்கு வேண்டாம்.

இனி எழுதப்போவது வேறு விசயம்.

ஹென்டர்சன் லோன்றியில் என்னோடு சலவை வேலை செய்கிற மாவோரிக்காரி ஹேராவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா. ஆஸ்பத்திரி விரிப்புகளை ஒரு ஆள் மடிக்க முடியாது. ஒரு முனையில் அவ, மறு முனையில் நான். அப்படி நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டா. நீ செய்ததைச் சொன்னேன். அப்படியே உன்னுடைய வேலையைப் பற்றி நீ எழுதியதையும் எனக்கு வந்த இங்கிலீசில் சொன்னேன். அவ விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டா.

அவ இங்கிலீசில் சொன்னதை நான் என்னுடைய தமிழில்தான் எழுத முடியும். அதனால் ஹேராவும் என்னைப் போல மன்னார்க்காரி மாதிரிக் கதைப்பா. சிரிக்காதே. விக்ரோறியா என்ற என் பெயரை அவ விக்கி என்றுதான் சொல்வா.

"விக்கி, என்ர அம்மாவும் அங்கதான் கிடக்கிறா. நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க ஒரு புரொபசர் மெசினோட எங்கட வீட்டுக்கு வந்தவர். அம்மா குசினியில, அடுப்புக்குப் பக்கத்தில நிண்டு மூண்டு பாட்டுப் பாடினவ. அவர் கேக் சாப்பிட்டு, நன்றி சொல்லிப்போட்டு, எல்லாத்தையும் பெட்டியில போட்டுக் கொண்டு போயிட்டார்."

"நீ போய்க் கேக்கேல்லையோ?"

"கேட்டனான். மூத்த அண்ணன் செத்த வருசம் வெலிங்டனுக்கு பஸ்ஸில போனனான். என்ன ஆராய்ச்சி எண்டு கேட்டினம். ஆராய்ச்சி இல்லை, அம்மா எண்டன். கடிதம் கொண்டு வரச் சொல்லிச்சினம்."

"ஆற்ற கடிதம்?"

"படிச்ச ஆக்களின்ர கடிதம்" என்று சொல்லிவிட்டு விரிப்பை ஒரு உதறு உதறினா. என் கை இழுபட்டுவிட்டது.

தாயின் பெயர் மெரே. வடக்கே, கடல் பக்கம். ஊர்ப் பெயரை ஹேராவே தன்னுடைய கையால் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறா. நீ தேடிப் பார். எனக்குச் செய்ததற்கு இது பரிகாரம் என்று நினைக்க வேண்டாம். ஆனாலும் தேடு.

அம்மா


வெலிங்டன்,
24 மே 1996

அன்புள்ள அம்மா,

கிடைத்துவிட்டது.

மெரே என்று தேடினால் ஒன்றும் வராது. புரொபசரின் பெயரில் அலமாரி அலமாரியாக இருக்கிறது. ஊர்ப் பெயரை வைத்து ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்தேன். ஒரு பெட்டியின் மேல், "வடக்கு, வீட்டுப் பெண் ஒருவர், மூன்று பாட்டு" என்று இருந்தது. உள்ளே ஒரு கடதாசித் துண்டில் ஊரின் பெயரும், "கேக் தந்த வீடு" என்றும் எழுதியிருந்தார். கேக்கை எழுத நினைவு இருந்திருக்கிறது, அம்மா. பெயர் கேட்க நினைவு இருக்கவில்லை.

பழைய பெரிய டேப் சுருள் அது. கசற்றில் ஏற்றித் தரச் சொன்னேன். எனக்கு மேலே இருப்பவர் நல்லவர், ஆனால் பயந்த ஆள். "ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் வருவார்களே" என்றார். "வரட்டும், அதற்கு வழி தேடத்தானே எங்களுக்குச் சம்பளம்" என்றேன். மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில், குடும்பத்துக்குக் கொடுக்கக் கடிதம் தேவையில்லை, உறவு என்று இன்னும் ஒருவர் சொன்னால் போதும் என்று எழுதி வைத்தார்கள். ஹேராவின் தம்பி போனில் சொன்னார். இப்படிக் கொடுப்பது இங்கே இதுதான் முதல் தரம்.

பாட்டுகளை நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு அனுமதி இருக்கிறது. ஹேரா கேட்பதற்கு முதல் நான் கேட்க மனம் வரவில்லை. ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தபால்காரன் கையால் தன் வீட்டுக்குள் வரவேண்டாம், தெரிந்த ஆள் கொண்டு வரட்டும் என்று ஹேரா போனில் சொன்னார். அதனால் உங்களுக்கு அனுப்புகிறேன். ஒன்றே ஒன்று, அம்மா. வேலையிடத்தில் வைத்துக் கொடுக்காதீர்கள். எங்கே, எப்போது என்று அவரிடமே கேட்டு, அவர் சொல்கிற மாதிரிக் கொடுங்கள். செத்தவர்களின் குரல் மாவோரி மக்களுக்கு வெறும் சாமான் இல்லை.

றோஷினி


ஏவன்டேல்,
9 யூன் 1996

என்ர குஞ்சு,

நீ எழுதியதை நான் வாசிக்காமல் விடவில்லை. நன்றாக வாசித்தேன். வாசித்துவிட்டுத்தான் பிழை விட்டேன்.

கசற் வந்த அடுத்த நாளே பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். கேட்டு, நாள் பார்த்து, வீடு தேடிப் போகப் பொறுமை இருக்கவில்லை. ஹேராவின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசை. கொண்டுவந்து கொடுத்தவள் விக்ரோறியா என்று அங்கே நாலு பேர் பார்க்க வேண்டும் என்றும் ஆசை. உனக்கு மறைத்து என்ன.

மத்தியானம் தேத்தண்ணி குடிக்கிற அறை. மேசை முழுக்கப் பாணும் சொசேஜ் ரோலும் தக்காளி சோஸ் போத்தலும். ஹேராவுக்கு முன்னால் கசற்றை வைத்து, "இந்தா, உன்ர அம்மா" என்று பெரிய சத்தமாகச் சொன்னேன்.

அவவின் கை கசற்றுக்கு வரவில்லை. தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியை மூடி அப்பால் தள்ளினா. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் இருந்தா.

"எடு விக்கி. உன்ர பைக்குள்ள வை. வெளியில வா."

வெளியே கார் நிற்கிற இடத்தில் தூறிக்கொண்டிருந்தது. அவ சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"சாப்பாட்டுக்கு நடுவில செத்த ஆக்களைக் கொண்டு வாறேல்லை. எங்களுக்கு அது ஆகாது" என்றா. பிறகு என்னுடைய பையைப் பார்த்தா. "அம்மா இவ்வளவு காலம் பிறத்தியாரோட இருந்திட்டு வாறா. வாற முதல் நாளே சொசேஜ் ரோலுக்குப் பக்கத்திலயோ இருக்கிறது?"

சொல்லிவிட்டு அவவே சிரித்துவிட்டா. நான் அழுதேன். அவ எனக்குத் தன்னுடைய மேலங்கியைப் போட்டுவிட்டா. பிழை விட்டவள் நான், ஆறுதல் சொன்னது அவ.

நேற்றுச் சனிக்கிழமை காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு மனுரேவாவில் இருக்கிற தம்பியார் வீட்டுக்குப் போனா. கசற் என் மடியில் இருந்தது. வழியில் ரேடியோ போடவில்லை. அங்கே மேசையில் ஒரு சீனிப் போத்தல்கூட இல்லை, எல்லாவற்றையும் துடைத்து வைத்திருந்தார்கள். அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் வந்திருந்தார்கள். தம்பியார் செபம் சொன்னார். மொழி விளங்கவில்லை, ஆனால் செபம் என்று விளங்கியது. பிறகு போட்டார்கள்.

குஞ்சு, அது ஒரு குசினிப் பொம்பிளையின் குரல். பாட்டுக்கு நடுவில் கேத்தில் தண்ணீர் கொதிக்கிறதும் கேட்டது. ஹேரா கண்ணை மூடிக்கொண்டு இருந்தா. இரண்டாவது பாட்டு முடிந்ததும் தம்பியார் கையை உயர்த்தி நிற்பாட்டினார். தங்களுக்குள் நெடுநேரம் கதைத்துவிட்டு மூன்றாவதையும் போட்டுக் கேட்டார்கள். பிறகு ஹேரா என்னிடம் சொன்னா: "உன்ர மகளுக்கு எழுது. முதலாவதும் கடைசியும் கேக்கிறவை கேக்கட்டும். நடுவில இருக்கிறது எங்கட வீட்டுப் பாட்டு. ஆர் வந்து கேட்டாலும் எங்களைக் கேட்டிட்டுத்தான் குடுக்க வேணும். பெட்டிக்கு மேல அம்மான்ர பேரைப் போடச் சொல்லு."

எல்லாம் முடிய ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். கை கழுவித் தலையிலும் தெளித்துக்கொண்டார்கள். எனக்கு மாதா கோவில் தீர்த்தம் நினைவு வந்தது. அதன் பிறகுதான் சாப்பாடு. அப்பாடா, என்ன சாப்பாடு! அழுத ஆட்கள் மாதிரியே இல்லை.

திரும்பி வரும்போது யோசித்துக்கொண்டு வந்தேன். நீ ஏன் அந்த வகுப்பில் அப்பாவைப் போட்டாய் என்று இந்த மூன்று மாதமாக எனக்கு விளங்கவில்லை. எழுதியும் விளங்கவில்லை. சொசேஜ் ரோலுக்குப் பக்கத்தில் கசற்றை வைத்த பிறகு விளங்கியது. கையில் இருக்கிறதை நாலு பேருக்குக் காட்டாமல் எனக்கும் இருக்க முடியவில்லை.

அப்பாவை அனுப்பு.

அம்மா


வெலிங்டன்,
21 யூன் 1996

அன்புள்ள அம்மா,

இதோடு வருவது பிரதி இல்லை, நான் எடுத்த கசற்றேதான். வகுப்பில் இங்கிலீசில் எழுதிக் கொடுத்த கடதாசிகளைத் திரும்ப வாங்கிவிட்டேன். இரண்டு பேர் தொலைத்துவிட்டோம் என்றார்கள். அதையும் உங்களுக்கு மறைக்கவில்லை.

மெரேயின் பெயர் பெட்டியின் மேல் ஏறிவிட்டது. நடுப்பாட்டைப் பற்றி ஹேரா சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறோம். என்னுடைய மேலதிகாரி அதை வாசித்துவிட்டு, "திறந்துவிடுவதுதான் எங்கள் வேலை என்று நினைத்தேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அப்பாவின் ஆண்டுப் பூசைக்கு யூலை 12ஆம் திகதி வருகிறேன். அதற்கு முதல் நீங்கள் கேட்டுவிடுங்கள். என்னை வைத்துக்கொண்டு கேட்க வேண்டாம். முதலில் நீங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். முடிவில் அப்பா ஒரு கேள்வி கேட்பார். அதோடு கசற் முடிந்துவிட்டது. நான் அதற்கு ஏதோ பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. வகுப்பில் அந்த இடத்தைப் போடவில்லை. அதற்கு முதலே நிற்பாட்டிவிட்டேன். அது உங்களுடையது என்று அப்போதும் எனக்குத் தெரிந்திருக்கிறது போல.

உங்கள் குஞ்சு


ஏவன்டேல்,
7 யூலை 1996

என்ர குஞ்சு,

இன்றைக்குப் பின்னேரம் கேட்டேன். தனியப் போடப் பயமாக இருந்தது. ஹேராவைக் கூப்பிட்டேன். வந்தவுடனே மேசையில் இருந்த வாழைப்பழத்தையும் பிஸ்கற் பேணியையும் எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தா. "எங்களுக்கு அப்பிடி இல்லை, கிடக்கட்டும்" என்றேன். "எனக்கு அப்பிடித்தான்" என்றா. சரி என்று மெழுகுதிரி கொளுத்தி, ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லிவிட்டுப் போட்டேன்.

நீ பெரிய ஆபீசர் மாதிரிக் கேட்கிறாய், "பெயர்?"

"ஆர் பிள்ளை நீங்கள், இமிகிரேசனோ?"

நான் சிரித்துவிட்டேன். ஹேராவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது. நான் சிரித்ததைப் பார்த்து அவவும் சிரித்தா.

"தொழில்?"

"பஸ் ஓட்டினனான். இப்ப கட்டில் ஓட்டுறன். பின்னால சனமில்லை, மணி அடிக்கிற கரைச்சலில்லை."

"அப்பா, ஒழுங்காச் சொல்லுங்கோ. கல்யாணம் எப்பிடி நடந்தது?"

"அதை அவவிட்டக் கேள். நான் பயத்தில ஒண்டையும் பாக்கேல்லை."

அந்தக் குரல்தான், குஞ்சு. சொல்லின் முடிவில் கொஞ்சம் மேலே போய் இறங்கும். அது எனக்கு மறந்தே போயிருந்தது. மறந்தது என்பதே கேட்டபோதுதான் தெரிந்தது. ஹேரா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தா. விரிப்பின் மறு முனையைப் பிடிக்கிற மாதிரி, இறுக்கமாகவும் இல்லை, விடவும் இல்லை.

பிறகு அவர் இருமுகிறார். நீ தண்ணீர் கொடுக்கிற சத்தம். அதற்குப் பிறகு, மெல்ல, உன்னைப் பார்க்காமல் கதவைப் பார்த்துக் கேட்கிற மாதிரி: "அம்மா சாப்பிட்டவவோ?"

அதோடு நின்றுவிட்டது.

அவர் கடைசியில் கேட்டது என்ன என்று ஹேரா கேட்டா. சொன்னேன். அவ எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டு வந்து தந்தா, கை கழுவினோம். பிறகு சோறு போட்டேன். மீன் குழம்பு. ஹேரா கையால் சாப்பிட்டா, கண்ணில் தண்ணீர் வர வர, உறைப்பு என்று சொல்லவே இல்லை. நானும் சாப்பிட்டேன். அப்பா கேட்டதற்காகவே இன்னொரு பிடி போட்டுச் சாப்பிட்டேன்.

நீ வா. உன்னோடு எனக்கு இனிக் கோபம் இல்லை. பூசைக்குச் சொல்லியாகிவிட்டது, ஹேராவும் வருகிறா. உன்னுடைய கட்டிலுக்கு லோன்றி விரிப்பு மாதிரி மடிப்புக் குலையாமல் விரித்து வைத்திருக்கிறேன். நீ வந்ததும் கசற்றை இன்னொரு தரம் போடுவோம்.

ஆனால் எனக்கு ஒன்று இருக்கிறது. கசற் எடுத்த அன்றைக்கு நான் கீழே ஆஸ்பத்திரிக் கன்ரீனில்தான் இருந்தேன். ஒரு பணிஸ் வாங்கினேன். தின்றேனோ, அப்படியே பைக்குள் போட்டேனோ, எனக்கு நினைவில்லை. நீ என்ன பதில் சொன்னாய் என்று உனக்கு நினைவில்லை. அடுத்த நாள் விடியவே அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தபோதெல்லாம் என் வாயைத்தான் பார்த்தார் என்று இப்போது தோன்றுகிறது.

நீ படித்த பிள்ளை, பெட்டி பெட்டியாகத் தேடி எடுக்கிறவள். இதை மட்டும் சொல்லு. நான் சாப்பிட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டோ, குஞ்சு, அவர் போனவர்?